முசுறுக்குப் போட்ட பாலம்

இதை எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்து போய்விட்டேன். முதல் முறை டீ குடிக்க. இரண்டாம் முறை சும்மா. மூன்றாம் முறை, பன்னிரண்டாவதில் இரண்டு தடவை கோட்டை விட்டவன் எழுதியதை யார் படிக்கப் போகிறார்கள் என்று தோன்றியதால். பிறகு, படிக்கிறவர்களிலும் கோட்டை விட்டவர்கள் இருப்பார்களே, அவர்களுக்காவது இருக்கட்டும் என்று மறுபடி உட்கார்ந்தேன். விஷயம் ஒன்றும் பெரிதில்லை. எறும்பு, மீன் செவுள், முகத்துக்குப் போடுகிற பவுடர். இந்த மூன்றையும் வைத்து ஒருவன் தன்னைத் தானே எப்படிப் பூட்டிக்கொண்டான் என்பதுதான்.

எங்கள் வீடு, ஹவுரா பாலம் இருக்கிற ஊரில், கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் தரைத்தளம். அப்பா ரயில்வே ஆபீஸில் கிளார்க். வாசலில் இரும்பு கிரில் கேட். பின்பக்கம், எட்டு எட்டு வைத்தால் முடிந்துபோகிற ஒரு தோட்டம். தோட்டம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒரு கறிவேப்பிலை மரம், நாலு மிளகாய்ச் செடி, துணி காயப்போடும் கொடி, அவ்வளவுதான். சுற்றிலும் ஆளுயரச் சுவர், அதன் மேல் கண்ணாடிச் சில்லு. சுவருக்கு அந்தப்புறம் ஒரு வங்காளி வீடு. அங்கே பெரிய மாமரம் ஒன்று நின்றது. அதன் நிழலில் ஒரு கந்தராஜ் எலுமிச்சைச் செடி. அந்த வீட்டு அம்மாளை நான் காகிமா என்று கூப்பிடுவேன். நம்மூரில் சித்தி என்பது மாதிரி.

இரண்டாவது தடவையும் பெயில் என்று ரிசல்ட் வந்த அன்று அப்பா சத்தமே போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார்.

“ஏல, மார்ச்ல பரீட்சை. அதுவரைக்கும் இந்தக் கேட்டத் தாண்டக் கூடாது. சாவி உங்கம்மட்ட இருக்கும்.”

“கடைக்குப் போவணும்னா?”

“நான் போவேன்.”

“முடி வெட்ட?”

“வளரட்டும். சாமியாராப் போ.”

அன்றிலிருந்து கேட் சாவி அம்மாவின் இடுப்பில் ஏறிக்கொண்டது. அம்மா அதைப் பெரிய அதிகாரமாக நினைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு நாள்கூட மறந்துபோய் ஆணியில் மாட்டியதும் இல்லை. நான் தினமும் ஆணியைப் பார்ப்பேன்.

வெளியுலகத்தோடு எனக்கு இருந்த ஒரே தொடர்பு ஒரு நண்பன். கிடர்பூரில் இட்லிக்கடை வைத்திருந்தவரின் மகன். முதல் தடவை என்னோடு சேர்ந்து பெயிலானவன். இரண்டாவது தடவை அவன் பரீட்சைக்கே போகவில்லை. சால்ட் லேக் செக்டர் ஃபைவில் ஒரு கம்பெனியில், வேலைக்கு வருகிறவர்களில் யாரை எந்தக் காரில் ஏற்றுவது என்று பட்டியல் போடுகிற மேஜையில் உட்கார்ந்துவிட்டான். புது மொபைல் வாங்கியதும் பழையதை எனக்குக் கொடுத்திருந்தான். அப்பா கண்ணில் படாமல் அதை வைக்க, ஃபிசிக்ஸ் புத்தகத்தின் நடுப்பக்கங்களை பிளேடால் சதுரமாகக் குடைந்தேன். அந்தப் புத்தகத்தில் நான் கவனமாகச் செய்த ஒரே வேலை அதுதான். அதற்குள் மொபைல் கச்சிதமாகப் படுத்துக்கொள்ளும். நான் புத்தகத்தைத் திறந்து உள்ளே பார்த்துச் சிரிப்பதை அப்பா ஒரு முறை கதவோரம் நின்று பார்த்துவிட்டு, அம்மாவிடம், “பய கொஞ்சம் தெளியுதான்” என்றார்.

சும்மா கிடக்கிறவனைக் கண்டால் அம்மாவுக்குப் பொறுக்காது. கறிவேப்பிலை மரத்தில் புழு பொறுக்குவது என் வேலையானது.

அந்த மரம் அம்மாவுக்கு என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். அம்மா அந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். அம்மாவின் வங்காளம் மீன்காரனிடம் பேரம் பேசுவதோடு நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக் காகிமாவோடு சிரிப்பார், தலையாட்டுவார், பேச்சு ஓடாது. குவார்ட்டர்ஸில் இருந்த தமிழ் வீடுகள் ஒவ்வொன்றாக மாற்றலாகிப் போக, மிச்சமிருந்தவர்கள் அம்மாவைத் தேடி வந்தது கறிவேப்பிலைக்காகத்தான். கிடர்பூர் கடையில் கிடைப்பது ரயிலில் வந்து வதங்கிக் கறுத்திருக்கும். எங்கள் வீட்டில் மரத்திலிருந்து அப்போதே ஒடித்துக் கொடுப்பார். நாலு மணிக்கு யாராவது ஒருத்தர் “ஒரு கொத்து கிடைக்குமா” என்று வந்தால், ஆறு மணி வரை பேச்சு. இலை வெறும் சாக்கு. வாரத்தில் ஐந்து நாள் சாக்கு வந்தது.

அந்த வருஷம் மழைக்காலத்தில் மரத்தைப் புழு பிடித்தது. கறுப்பும் மஞ்சளுமாக ஒரு பட்டாம்பூச்சி வந்து துளிரில் முத்து முத்தாக முட்டை வைத்துவிட்டுப் போகும். குட்டிப் புழு காக்கை எச்சம் மாதிரி இருக்கும், பார்த்தாலும் தெரியாது. பெரிதானால் பச்சைப் பசேலென்று இலையோடு இலையாக ஒட்டிக்கொள்ளும். தொட்டால் தலையிலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டும், ஒரு நாற்றம் அடிக்கும் பாருங்கள், அழுகின ஆரஞ்சுப் பழத்தைச் சாக்கடையில் போட்ட மாதிரி. தினமும் காலையில் இருபது முப்பதைப் பொறுக்கி டப்பாவில் போட்டு, கேட் கம்பி வழியாக ரோட்டில் கொட்டுவேன். நான் போகமுடியாத ரோட்டில் புழு போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு நாள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி, சுவருக்கு அந்தப்புறம் எட்டிப் பார்த்தேன். வேறு என்ன வேலை? அதே பட்டாம்பூச்சி காகிமாவின் எலுமிச்சையையும் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் எலுமிச்சையில் ஒரு இலைகூடக் கடிபட்டிருக்கவில்லை. என்னடா இது, வங்காளி வீடென்றால் புழுவுக்கும் மரியாதையா என்று யோசித்தேன். மறுநாளும் ஏறிப் பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. மாமரத்திலிருந்து எலுமிச்சைக்குத் தாழ்ந்த ஒரு கிளை வழியாகச் சிவப்பு எறும்புகள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டில் முசுறு என்போம். இலையை இலையோடு தைத்துப் பந்து மாதிரிக் கூடு கட்டுகிற எறும்பு. ஏழெட்டு முசுறு சேர்ந்து ஒரு பச்சைப் புழுவைக் காலைப் பிடித்து, தலையைப் பிடித்து, கல்யாண வீட்டில் பெஞ்சு தூக்குகிற மாதிரி மரத்துக்கு மேலே தூக்கிக்கொண்டு போயின. புழு கொம்பை நீட்டிப் பார்த்தது. அவை அதையும் பிடித்துக்கொண்டன.

புழு பொறுக்கும் வேலையிலிருந்து எனக்கு விடுதலை என்று அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது. இவற்றை இந்தப்பக்கம் வரவழைத்தால் போதும்.

கறிவேப்பிலைக்கும் மாமரத்துக்கும் நடுவே பத்தடி வெறும் காற்று. சாக்குப் பையைப் பிரித்துச் சணல் கயிறு திரித்தேன். நுனியில் கல்லைக் கட்டி மாங்கிளை மேல் வீசினேன். மூன்றாவது வீச்சு காகிமாவின் துணிகளுக்கு நடுவே விழுந்தது. அவர் வெளியே வந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

“கீ கோர்ச்சிஷ், துஷ்டு?” என்னடா பண்ணுகிறாய், வாலு, என்று கேட்டார்.

“எறும்புக்கு ஹவுரா பாலம் கட்டுறேன், காகிமா” என்று நானும் வங்காளத்தில் சொன்னேன். என் வங்காளம் என் தமிழைவிட நன்றாக இருக்கும்.

“ஓரே பாபா! அந்தச் சிவப்பெறும்பையா? வேணும்னு கூப்பிட்டுக்குறியா?” சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். ஆனால் கயிற்றின் நுனியை எடுத்துக் கிளையில் முடிச்சுப் போட்டதும் அவர்தான்.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றிரண்டு எறும்பு பாதிக் கயிறு வரை வந்து, மீசையை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. காகிமா மீன் கழுவுகிற இடத்தில் அவை கூட்டமாக மொய்ப்பதைப் பார்த்திருந்தேன். ஆகவே ஒரு மீன் தலை கேட்டேன். காகிமாவின் முகம் மாறிவிட்டது. ருய் மீனின் தலை என்றால் அந்த வீட்டில் மாமனாருக்குத்தான் போகும்.

“தலையா? எறும்புக்கா? உனக்கு மூளை இருக்கா?” என்றார். கடைசியில் தலை அவர்களுக்கு, செவுளும் குடலும் எனக்கு என்று முடிவாயிற்று. அதை ஒரு பழைய துணியில் முடிந்து கறிவேப்பிலை மரத்தில் கட்டித் தொங்கவிட்டேன்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் உண்டு. ஆனால் மேல்வீட்டு மாமி வீட்டில் முட்டைகூடக் கிடையாது. அவர்கள் வீட்டு ரசத்துக்கு இந்த மரத்து இலைதான். அம்மா வாசனை பிடித்துப் பின்னால் வந்தபோது முடிச்சிலிருந்து ஈ பறந்துகொண்டிருந்தது.

“அட பாவி! மாமிக்குத் தெரிஞ்சா நம்ம வீட்டுப் படிய மிதிப்பாங்களாலே?”

“நீ சொன்னாத்தான தெரியும்? கழுவிக் குடுத்தா இலை சைவமாயிரும்.”

அம்மா கையை ஓங்கினார். ஓங்கிய கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மாமிக்கு இன்று வரை தெரியாது. இதை அவர் படிக்க நேர்ந்தால், அந்த வருஷத்து ரசத்துக்கெல்லாம் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் மதியம் கயிறு சிவப்பாகிவிட்டது. எறும்பு வரிசை கயிறு தெரியாத அளவுக்கு வந்தது. ஒரு வாரத்தில் மரத்தில் ஒரு புழு இல்லை. பட்டாம்பூச்சி வந்து முட்டை வைக்கும், முட்டையே காணாமல் போகும். இரண்டாம் வாரம் மூன்று ஈர்க்கைச் சேர்த்துத் தைத்து எங்கள் மரத்திலேயே ஒரு கூடு கட்டிவிட்டன. புதுத் துளிர் வந்தது. எனக்கோ தலைகால் புரியவில்லை. ஜன்னலில் மண்கூடு கட்டிய குளவியை விரட்டாமல் விட்டேன், மிளகாய்ச் செடியில் உட்கார்ந்த கும்பிடுபூச்சிக்குக் காலை வணக்கம் சொன்னேன். இந்த முசுறுகளிடம் ஒரு கோளாறும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. துளிரில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டுகிற மாவுப்பூச்சியை மட்டும் அவை தின்னவில்லை. அதன் பின்பக்கத்துச் சாற்றைக் குடித்துக்கொண்டு, மாடு மேய்க்கிற மாதிரி மேய்த்தன. அந்தத் துளிர்களை நான் கிள்ளி எறிந்தேன். காவலுக்கு வந்தவனுக்குக் கொஞ்சம் லஞ்சம்.

அதற்கப்புறம்தான் கஷ்டம். மரத்துக்குக் காவல் வந்துவிட்டது, ஆனால் அந்தக் காவலுக்கு வீட்டுக்காரர் யாரென்று தெரியாது. அம்மா இலை ஒடிக்கக் கைவைத்தார். கை முழுக்கக் கடி. முசுறு சும்மா கடிக்காது. கடித்த இடத்தில் வயிற்றை மடக்கிப் புளிப்பாக ஒன்றைப் பீச்சும், எரிந்து சிவந்து புள்ளி விழும். மாமி ஒரு முறை அவசரத்துக்குத் தானே ஒடிக்கப் போய், புடவைக்குள் ஒன்று ஏறி, எங்கள் தோட்டத்தில் ஒரு நடனமே ஆடினார்.

என்னை மட்டும் கடிக்கவில்லை. காரணம் தற்செயல். வேர்க்குருவுக்கு அப்பாவின் பவுடரைக் கழுத்திலும் கையிலும் கொட்டிக்கொண்டு கொடியிலிருந்து துணி எடுக்கப் போனேன். கையில் ஏறிய எறும்பெல்லாம் கால் வழுக்கிப் பொத்துப் பொத்தென்று விழுந்தது. பவுடர் மேல் அவற்றால் நிற்க முடியவில்லை. அவ்வளவுதான் ரகசியம். அன்றிலிருந்து இரண்டு கையிலும் முழங்கை வரை பவுடர் பூசிக்கொண்டு இலை ஒடித்தேன்.

இதைச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. மாமி கேட்டார்:

“ஏண்டா, இது எங்களை மட்டும் இப்படிக் கடிக்கறது, உன்னை ஏன் ஒண்ணும் பண்ணலை?”

“நான்தான மாமி கூட்டிட்டு வந்தேன். என் கை வாசனை அதுகளுக்குத் தெரியும். தினம் கொஞ்ச நேரம் பேசுவேன்.”

“எறும்போடயா?”

“வங்காளத்துல பேசணும். தமிழ் புரியாது.”

மாமி நம்பிவிட்டார். மாமி நம்பியதும் மற்றவர்களும் நம்பினார்கள். அதற்கப்புறம் நாலு மணிக்கு யார் வந்தாலும் என்னைத்தான் கூப்பிட வேண்டும். நான் புத்தகத்தை மூடிவிட்டு, பெரிய டாக்டர் மாதிரி மெதுவாக வருவேன். முன்னதாகக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திப் பவுடர் பூசிக்கொள்வேன். பிறகு எறும்புகளிடம் “கேமோன் ஆச்சோ?” என்று நலம் விசாரித்துவிட்டுக் கையை விடுவேன். கூலியாக முறுக்கு, தட்டை, ஒரு முறை மைசூர்பாகு. அம்மா பக்கத்தில் நின்று, “அவன் கைபட்டாத்தான் அதுக்கும் சம்மதம்” என்று பெருமையாகச் சொல்வார். பெயிலான பையனைப் பற்றி அம்மா பெருமையாகச் சொல்ல அந்த ஒன்றுதான் இருந்தது. அதைக் கெடுக்க எனக்கும் மனசில்லை. மைசூர்பாகையும்தான்.

பவுடர் டின் காலியானது அப்பா கண்ணில் பட்டது. இரண்டு மாதம் வருகிற டின் பத்து நாளில் தீர்ந்தது. அடுத்த டின்னும் தீர்ந்தது. மூன்றாவது டின்னை வாங்கி வந்த அன்று அப்பா என்னை எதிரில் உட்காரவைத்தார்.

“எவலே அவ?”

“எவப்பா?”

“நடிக்காத. வீட்டுக்குள்ள கெடக்கவன் எதுக்குலே மூணு டின் பவுடரு போடுத? சாயங்காலமானா செவுத்து மேல ஏறி நிக்க. அந்தப்பக்கம் யார் இருக்கா?”

“காகிமா.”

“வேற யாரு?”

“காகிமா மாமனாரு.”

கன்னத்தில் விழுந்தது. அப்பாவைக் குறை சொல்லமுடியாது. எங்கள் சாதிசனத்தில் ஒரு பையன் திடீரென்று பவுடர் பூசினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எறும்பு என்று நான் சொல்லியிருந்தால் இன்னொன்று விழுந்திருக்கும். அன்றோடு தோட்டத்துக்குப் போகவும் நேரம் குறிக்கப்பட்டது. நாலிலிருந்து நாலரை வரை, அம்மா கூட நிற்க வேண்டும்.

நவராத்திரி வந்தது. அங்கே அதுதான் பூஜோ. நகரமே தெருவுக்கு வந்துவிடும். காலையிலிருந்தே டாக் மேளம், ஒலிபெருக்கி, புதுச்சட்டை போட்டவர்கள் எங்கள் கேட்டைத் தாண்டிக் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். தெரிந்த பையன்கள் கடலை நீட்டுவார்கள், மிருகக்காட்சிசாலையில் நீட்டுகிற மாதிரி. நானும் குரங்கு மாதிரிப் பல்லைக் காட்டி வாங்கிக்கொள்வேன். அவர்கள் போன பிறகு கடலையைக் காக்கைக்கு வீசிவிடுவேன்.

திரிதியை அன்று ஃபிசிக்ஸ் புத்தகம் அதிர்ந்தது. நண்பனின் செய்தி, இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். அவனுடைய ஆபீஸில் பூஜோவுக்கு எல்லோரும் லீவு கேட்டு நிற்கிறார்கள். ஆனால் கார்கள் ஓடியாக வேண்டும். பத்து நாளைக்கு மேஜையில் உட்கார ஆள் வேண்டும். சர்டிபிகேட் கேட்கமாட்டார்கள், ஓட்டுநர்களோடு வங்காளத்திலும் ஹிந்தியிலும் வாய் கொடுக்கத் தெரிந்தால் போதும். பத்து நாள் ஒழுங்காக ஓட்டினால் அப்படியே வைத்துக்கொள்வார்கள். தங்க அவன் அறை இருக்கிறது. பஞ்சமி மதியம் மூன்று மணிக்குள் வந்து நிற்க வேண்டும்.

வாய் கொடுப்பதற்கு ஒரு வேலை! என்னைப் பெற்றவர்களைத் தவிர இந்த உலகத்தில் எல்லோரும் எனக்குப் பொருத்தமானது என்று சொல்லக்கூடிய வேலை. மார்ச்சில் மூன்றாவது தடவையும் நான் பெயிலாவேன் என்பது எனக்கு ஜூனிலேயே தெரியும். அதற்கப்புறமும் இதே எட்டு எட்டுத் தோட்டம்தான். இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

பஞ்சமி. அப்பா ஒன்பதரைக்கு ஆபீஸ் போனார். மறுநாளிலிருந்து அவருக்கு விடுமுறை, வீட்டிலேயே இருப்பார். போனால் இன்றுதான். பதினொரு மணிக்கு இஸ்திரி போட்ட சட்டை, ஷூ, தோளில் பை. அடுக்களையில் அம்மா முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். விளையாட்டாகப் பேசாமல் சொன்னேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

அம்மா சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். துருவுவதை நிறுத்தவில்லை.

“அப்பா கேட்டா நான் என்ன சொல்ல?”

“செவுத்த ஏறிக் குதிச்சிட்டான்னு சொல்லு.”

“கண்ணாடி கெடக்கே.”

“காலக் கிழிச்சுக்கிட்டுப் போயிட்டான்னு சொல்லு. சாவியக் குடும்மா.”

அடுத்த தேங்காய் மூடியை எடுத்துத் துருவ ஆரம்பித்தார். பிறகு அம்மா சொன்னார்:

“எய்யா, நவராத்திரி. இன்னும் நாலு நாளு கெடக்கு. எட்டு வீட்டுச் சுண்டலுக்கு நம்ம இலைன்னு சொல்லி வச்சிருக்கேன். நீ போயிட்டா யார் ஒடிப்பா? எனக்கு அது கிட்டப் போவ முடியாதுல்லா.”

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. இவ்வளவுதானா! இதற்கு என்னிடம் பதில் இருந்தது.

“அம்மா, அந்த எறும்புக்கு என்னத் தெரியவும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. பவுடரு. கையில பவுடரு போட்டா அதுக்கு வழுக்கும். அவ்வளவுதான். யாரு வேணா ஒடிக்கலாம்.”

“அந்தப் புள்ளைக்குப் போட்ட பவுடர எறும்பு தலையில வைக்கியாக்கும்.”

“எந்தப் புள்ளை? அப்படி ஒருத்தி இருந்தா நான் ஏன் இங்கன கெடந்து புழுவப் பொறுக்குதேன்?”

“வங்காளத்துல பேசுவேன்னு மாமிட்டச் சொன்னியே.”

“பொய்யி. முறுக்குக்குச் சொன்னேன்.”

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை மாதம் ஊர் பூராவும் நம்ப நான் சொன்ன பொய்யெல்லாம் நன்றாக நின்றது. உண்மையைச் சொன்ன அன்று அதற்குக் கால் இல்லை. வாதம் பண்ணினால் மூன்று மணி ஆகிவிடும். டின்னை எடுத்து வந்து, அம்மாவின் கையைப் பிடித்துத் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு கையிலும் முழங்கை வரை பவுடரைக் கொட்டி, நானே தடவிவிட்டேன். வளையலை மேலே தள்ளிவிட்டு அதற்கடியிலும் தடவினேன். அம்மாவின் கை அவ்வளவு மெலிந்திருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

“விடு. கைய உள்ள விடு. பயப்படாத.”

அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மரத்துக்குள் கையை விட்டார். முசுறுகள் வாயைப் பிளந்து, வாலைத் தூக்கிக்கொண்டு வந்தன. ஒன்று மணிக்கட்டில் ஏறியது. விழுந்தது. இரண்டு ஏறின, விழுந்தன. அம்மா ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு இரண்டையும் திறந்தார். வெள்ளைக் கையில் சிவப்பெறும்புகள் ஏற முடியாமல் சறுக்கிச் சறுக்கி விழுவதைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. சர்க்கஸ் பார்க்கிற பிள்ளையின் சிரிப்பு. இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டு, கூட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஈர்க்கை ஒடித்தார். ஒன்றும் ஆகவில்லை.

ஒடித்த ஈர்க்கைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். என் சட்டையைப் பார்த்தார். தோளில் இருந்த பையைப் பார்த்தார். கீழே ஷூவைப் பார்த்தார்.

“ஆ! கடிச்சிட்டு” என்று கையை உதறினார். “கடிச்சிட்டுல்லா! பவுடராம் பவுடரு.”

“எங்க? காட்டு.”

“எரியுது” என்று சொல்லி, கையைச் சேலைத் தலைப்பால் பரபரவென்று துடைத்தார்.

நான் கையை வாங்கிப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. துடைத்த இடத்தில் மாநிறமாக இருந்தது. ஒரு புள்ளி இல்லை, சிவப்பு இல்லை, அந்தப் புளிப்பு வாடையும் இல்லை. நான் பார்ப்பதை அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ டாக் மேளத்தை அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

யாரையும் சும்மா விட்டவனில்லை நான். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர் யாராக இருந்தாலும் வாலைப் பிடித்துச் சுழற்றியிருப்பேன். அன்று அந்தக் கையை மெதுவாகக் கீழே விட்டேன். பொய்தானே என்று கேட்டிருந்தால் அம்மா சாவியைக் கொடுத்திருப்பார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதனால்தான் கேட்க முடியவில்லை.

“ரொம்ப எரியுதா?” என்றேன்.

“ஆமா.”

“சரி, போய்த் தேங்கெண்ணெய் போடு.”

பையை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். ஷூவைக் கழற்றினேன். இஸ்திரி சட்டையின் கையைச் சுருட்டிவிட்டு, மிச்சப் பவுடரைப் பூசிக்கொண்டு, எட்டு வீட்டுக்கும் இலை ஒடித்தேன். கூடை நிறைந்தது. நாலு மணிக்கு மாமி வந்தார். அம்மா தேங்காயெண்ணெய் மினுங்குகிற கையைக் காட்டி, எறும்பு கடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு அறையில் கேட்டது. அன்று ஏழு மணி வரை பேச்சு ஓடியது. நடுவில் சுண்டல் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். கிண்ணம் நிறைய. என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் போனதும் ஃபிசிக்ஸ் புத்தகத்தைத் திறந்தேன். மூன்று மணியிலிருந்து நண்பன் நாலு தடவை கூப்பிட்டிருந்தான். என்ன எழுதுவது என்று ரொம்ப நேரம் யோசித்து, எழுதி, அழித்து, கடைசியில், “வர முடியலடா, அம்மாவை எறும்பு கடிச்சிருச்சு” என்று அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது:

“சரிடா, அடுத்த மாசம் எது கடிக்கும்?”